தீவு ஸ்விட்ச்சில் ஓர் அங்கிட்டு

1

நியூஃபவுண்ட்லாந்தில் எல்லோரும் பாய்தான். நான் மட்டுமில்லை, எங்கள் தெருவுக்குக் குப்பை அள்ள வருகிறவர், பல் டாக்டர், சர்ச்சுப் பாதிரியார் எல்லோரும் பாய்.

கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குள் கிடக்கும் பெரிய தீவு இது. வந்து இறங்கிய வாரம் கடையில் பால் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். கல்லாவில் இருந்த வெள்ளைக்காரர் "எஸ், பாய்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் என் தொப்பியைப் பார்த்துவிட்டு "என்ன பாய், டீயா?" என்று கேட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே நான் மூக்கு மட்டும் தெரிய கம்பளிக்குள் இருக்கிறேன். இந்த மனிதர் எப்படிக் கண்டுபிடித்தார்? எனக்குப் பின்னால் நின்ற அம்மாளிடமும் அவர் "எஸ், பாய்" என்றபோதுதான் மூச்சு வந்தது. பையன் என்பதற்கான ஆங்கிலச் சொல் இந்த ஊர் வாயில் தேய்ந்து பாய் ஆகியிருக்கிறது. ஆண், பெண், கிழவர், குழந்தை, எல்லோருக்கும் அதே சொல்.

இன்னொன்று "வேர் யூ டூ?" என்பது. எங்கே போகிறாய் என்று கேட்கிறார்கள் என நினைத்து நானும் பணிவாக "வேலைக்கு", "கடைக்கு", "தொழுகைக்கு" என்று பதில் சொல்லி வந்தேன். நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்பதைத்தான் இந்த ஊர்க்காரர்கள் அப்படிக் கேட்கிறார்கள். ஒருமுறை என் மேலதிகாரி பிரெண்டா போனில் அப்படிக் கேட்டு, நான் "வீட்டுக்கு" என்று சொல்லி, மனுஷி நான் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டதாக நினைத்துப் பதறிவிட்டாள்.

என் பெயர் சாதிக். சொந்த ஊர் மீமிசல். ஆனால் இங்கே என் அடையாள அட்டையில் நான் மிஸ்டர் காதர். காதர் என் அத்தா. குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விடக்கூடாது என்று குடியேற்ற அலுவலகத்தில் சொன்னார்கள். நான் தலைப்பெழுத்தை விரித்து எழுத, அவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாள் யாரோ "மிஸ்டர் காதர்" என்று கூப்பிட, மண்ணுக்குள் போன மனிதரைத் தேடி நான் திரும்பிப் பார்த்தேன்.

2

என் பிழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் "கம்ப்யூட்டர் வேலைதானே?" என்று கேட்கிறீர்கள். ஆமாம் என்று சொல்லி முடித்துவிடுகிறேன். ஆனால் அது அப்படி ஒற்றை வார்த்தையில் முடிகிற விஷயமில்லை, கேளுங்கள்.

துறைமுக நகரத்தில் ஒரு மருத்துவமனை. அதற்குக் கீழே கடலோரமெங்கும் சின்னச் சின்ன கிளினிக்குகள். ஒவ்வோர் இடத்திலும் அலமாரிக்குள் ஒரு ஸ்விட்ச், அதாவது வயர்கள் வந்து சேரும் ஒரு பெட்டி. வயர் சொருகும் ஒவ்வொரு வாசலுக்கும் இன்டர்ஃபேஸ் என்று பெயர். எந்தச் செய்தி எந்த வாசல் வழியாக வெளியேறி எந்த வழியில் போக வேண்டும் என்பதை இந்தப் பெட்டிகளே தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்கின்றன. அந்தப் பேச்சுக்கான ஒழுங்குதான் ரவுட்டிங் புரோட்டோகால். வாசல்தோறும் அதைச் சரியாக எழுதி வைப்பது என் வேலை.

இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இதில் ஆச்சரியம் தீரவில்லை. ஒரு பெட்டி தன் வாசலில் நின்று பத்து நொடிக்கு ஒருமுறை "ஹலோ" சொல்லும். நான் வர்ணித்துச் சொல்லவில்லை, அந்தச் செய்தியின் பெயரே ஹலோதான். எதிரில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்லும். எதிர்ப்பெட்டி அதைக் கேட்டுவிட்டுத் தன் ஹலோவில் இதன் பெயரையும் சேர்த்துச் சொல்லும். எதிராளியின் ஹலோவுக்குள் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இது அவனை அண்டை வீட்டான் என்று ஏற்கும். தொடர்ந்து நான்கு ஹலோ வராவிட்டால் அவன் இறந்துவிட்டான் என்று முடிவு கட்டி, வேறு வழி தேடும். அந்தக் காத்திருப்புக்கு மரண இடைவெளி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதை யோசித்த மனிதர்கள் யாரோ, எந்த ஊரோ. முதன்முதலில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒரு வாசலைப் பாஸிவ் ஆக்கவும் முடியும். அப்படிச் செய்தால் அது வாயைப் பொத்திக்கொள்ளும். வயர் இருக்கும், பச்சை விளக்கு எரியும், ஆனால் ஹலோ சொல்லாது. வருகிற ஹலோவையும் காதில் வாங்காது.

நகரத்துக்கு எதிரே கடலில் ஒரு சின்னத் தீவு, அதில் ஒரு கிளினிக். அந்தத் தீவுக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று கடலடிக் கேபிள், மற்றது கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குப் போகும் ரேடியோ. வழக்கமாக எல்லாம் கேபிளில் போகும், அது போனால் ரேடியோ. நான்தான் அமைத்தேன். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு குறிப்பு எழுத இடம் உண்டு. நகரத்து ஸ்விட்ச் முன்னால் உட்கார்ந்திருந்தபோது கேபிள் கரையேறும் இடம் ஜன்னலுக்குக் கீழேயே தெரிந்தது. ரேடியோ கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம். எனக்கு என்ன தோன்றியதோ, கேபிள் வாசலுக்கு இங்கிட்டு என்றும் ரேடியோ வாசலுக்கு அங்கிட்டு என்றும் ஆங்கில எழுத்தில் தட்டினேன்.

பிரெண்டாவுக்கு அந்தச் சொற்கள் மிகவும் பிடித்துப்போயின. கூட்டங்களில் "அங்கிட்டு எப்படி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தாள். புதிதாக வந்த ஒருவர் அது ரேடியோ செய்யும் ஜப்பான் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தார். மீமிசல் கடைத்தெருவில் ஆட்டை விரட்டும்போது சொல்கிற சொல், அட்லாண்டிக் கரையில் கோட்டு போட்டவர்களின் வாயில் புழங்குகிறது. எனக்குள் ரகசியமாக ஒரு பெருமை.

தீவு ஸ்விட்ச்சை நிறுவப் போன அன்று ஃபெர்ரி ஓடவில்லை. வால்டர் என்ற மீனவர் தன் படகில் கூட்டிப் போனார். அறுபதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. அலை அடிக்க ஆரம்பித்ததும் ஸ்விட்ச் பெட்டியை என் மடியிலிருந்து வாங்கித் தன் மழைக்கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டார். கரை வரும்வரை ஒரு கையால் படகை ஓட்டி, ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டே வந்தார். "பிள்ளைக்கு ஈரம் படவில்லை, பாய்" என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தார்.

3

போன கோடையில் லாத்தா மகளுக்கு நிக்காஹ். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். மச்சான் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டதால் தாய்மாமன் நான் நின்றுதான் நடத்த வேண்டும். லீவு கேட்டதும் பிரெண்டா கொடுத்துவிட்டாள், ஒரே ஒரு நிபந்தனை. நான் இல்லாத நாளில் கடலடிக் கேபிளைப் பழுது பார்க்கக் கப்பல் வருகிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். எழுதி வைத்தேன். தீவு ஸ்விட்ச்சில் இங்கிட்டு வாசலைப் பாஸிவ் ஆக்கு. போக்குவரத்து எல்லாம் ரேடியோவுக்கு மாறிவிடும். பிறகு கப்பல்காரர்கள் கேபிளை வெட்டலாம். இரண்டு வரிதான்.

மீமிசல் வீட்டில் நிக்காஹுக்கு முதல் நாள், அஸர் தொழுகை முடிந்த நேரம். பந்தலில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். சமையல் தேக்சாக்கள் வந்து இறங்கின. என் மகள் ஹஃப்ஸா, பதின்மூன்று வயது, நடுக்கூடத்தில் முழித்துக்கொண்டு நின்றாள். லாத்தா அவளிடம் சஹன் தட்டுகளைக் கொடுத்து "அங்கிட்டு கொண்டுபோய் வையி, புள்ள" என்று சொல்லியிருக்கிறாள். ஹஃப்ஸா என்னிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டாள், "அத்தா, அங்கிட்டு எந்த ரூம்?" வந்து பத்து நாளாக அவள் அதைக் கொல்லைப்புற அறையின் பெயர் என்று நினைத்திருக்கிறாள். நேற்று கொல்லையில் நின்றுகொண்டு லாத்தா அங்கிட்டு என்று வாசலைக் காட்டியதும் குழம்பிப் போயிருக்கிறாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு மனசு கனத்தது. என் பிள்ளைக்கு இந்தச் சொல்லைக்கூட நான் கொடுக்கவில்லை.

அப்போது பிரெண்டா கூப்பிட்டாள். ஒரு சின்ன அதிசயம் சொல்ல வேண்டும். நியூஃபவுண்ட்லாந்தின் கடிகாரமும் நம்முடையதைப் போல அரை மணிக் கணக்கில் ஓடுவது. அதனால் மணி மாறுமே தவிர நிமிஷ முள் இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில் நிற்கும். மீமிசலில் மாலை ஐந்தரை, அங்கே காலை ஒன்பதரை.

"சாதிக், தீவு போய்விட்டது," என்றாள் பிரெண்டா. "நீ எழுதியபடியே தீவில் இங்கிட்டை வாய் மூட வைத்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. கப்பலுக்குச் சரி சொன்னேன். கேபிளை வெட்டினார்கள், அடுத்த நொடி ஒன்றுமே இல்லை. அங்கிட்டு விளக்கு பச்சையாகத்தான் எரிகிறது, ஆனால் அண்டை யாரும் இல்லை என்கிறது."

"திரும்ப ஒட்டச் சொல்லுங்களேன்."

"கேபிள் முனை கப்பல் மேல்தளத்தில் கிடக்கிறது. நாளை ஆகும். அதில்லை விஷயம், கேள். கிளினிக்கில் வால்டர் படுத்திருக்கிறார். நெஞ்சு வலி. மூடுபனி, ஹெலிகாப்டர் எழும்ப முடியாது. நர்ஸ் ஜோன் தனியாக இருக்கிறாள். என் பக்கத்தில் இதய டாக்டர் நிற்கிறார். இதயத் துடிப்புப் படத்தைப் பார்க்காமல் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடச் சொல்ல மாட்டேன் என்கிறார். தப்பான ஆளுக்குப் போட்டால் அந்த ஊசியே கொன்றுவிடுமாம்."

 தீவில் கைபேசிக்குக் குரல் மட்டும்தான் வரும், அதுவும் ஒரு ஜன்னல் ஓரத்தில். படம் போகாது. கிளினிக்கின் மற்ற எல்லாமே என் ஸ்விட்ச்சை நம்பித்தான்.

பிரெண்டா ஒரு கைபேசியில் என்னையும் இன்னொன்றில் ஜோனையும் வைத்துக்கொண்டு, இரண்டையும் வாயோடு வாய் சேர்த்து மேஜையில் வைத்தாள். மீமிசலில் நான் பேசுவது அட்லாண்டிக் நகரத்து மேஜையில் விழுந்து, அங்கிருந்து தீவின் ஜன்னலுக்குப் போனது. அந்தப் பதற்றத்திலும் அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஜோன், அலமாரியில் இருக்கும் பழைய மடிக்கணினியை நீல வயரால் ஸ்விட்ச்சோடு இணைத்திருந்தாள். வால்டருடைய மனைவி அவர் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ரேடியோ பெட்டியில் கரண்ட் இருக்கிறதா? இருக்கிறது. வயர் தளர்ந்திருக்கிறதா? இல்லை. அப்படியானால் கோபுரம்தான். ஆன்டெனா திரும்பியிருக்க வேண்டும். மலை மேல் ஆள் அனுப்பச் சொன்னேன். பிரெண்டா, பனியில் ஏற ஒரு மணி நேரம் ஆகும் என்றாள்.  பின்னால் டாக்டர் யாரிடமோ "அவருக்கு ஒரு மணி நேரம் இல்லை" என்று சொல்வது கேட்டது.

லாத்தா பந்தலிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். "என்னா தம்பி? யாருக்கு என்னா?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு மீன்காரரு, லாத்தா. நெஞ்சு வலி. நான் போட்ட லைன் வேலை செய்யல."

அவள் பந்தலுக்குத் திரும்பி, மைக் செட்டை நிறுத்தச் சொன்னாள். பிறகு தொழுகைப் பாயை விரிக்க உள்ளே போனாள்.

4

பாட்டு நின்றதும்தான் அதுவரை என் பக்கம் எவ்வளவு இரைச்சல் இருந்தது என்று தெரிந்தது. ஜோனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏதோ கல்யாண வீட்டிலிருந்து ஒருவன் தன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, கேட்டாள்:

"வேர் யூ டூ, பாய்?"

எங்கிட்டு இருக்கீங்க, பாய்?

என் காதில் அது அப்படியே தமிழில்தான் விழுந்தது. நான் எங்கிட்டு இருக்கிறேன்? சரி, அன்றைக்கு எங்கிட்டு இருந்தேன்? அன்று வால்டர் கரை இறக்கிவிட்ட பிறகு, நான் தீவுக் கிளினிக்கில் உட்கார்ந்து அந்த ஸ்விட்ச்சில் எழுதினேன். அங்கே ரேடியோ கம்பம் தலைக்கு மேலே கூரையில். கேபிள் கரையேறுவது தீவின் அந்தக் கோடியில். நம் ஊரில் பிறந்தவன் எவனாவது கூரையைக் காட்டி அங்கிட்டு என்பானா? கை தானாகத் தட்டியிருக்கும்: ரேடியோ இங்கிட்டு, கேபிள் அங்கிட்டு. நகரத்தில் எழுதியதற்கு நேர் எதிர். நமக்கு அது பெயர் இல்லை, நிற்கிற இடம். பிரெண்டாவுக்கு அது பெயர். ஹஃப்ஸாவுக்கு அது ஒரு ரூம். நகரத்து மேஜையில் உட்கார்ந்து நான் எழுதிய குறிப்பை நம்பி, பிரெண்டா தீவில் ரேடியோவின் வாயைப் பொத்திவிட்டாள். கேபிள் இருந்தவரை எதுவும் தெரியவில்லை.

"ஜோன்! கூரை மேல் போகிற வயர் எந்த வாசலில் இருக்கிறது? அந்த வாசலின் குறிப்பைப் படி."

"ஐ, என், ஜி..." அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். "இன்ஜிட்டு."

 நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். நோ பாஸிவ், நடுவில் ஒரு கோடு, இன்டர்ஃபேஸ். இடைவெளி விடவா? விடு. கோடு மேலேயா கீழேயா? நடுவில், தாயே, நடுவில். வாசல் எண். என்டர்.

"தட்டிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை."

"பத்து நொடி இரு. ஹலோ சொல்லட்டும்."

அந்தப் பத்து நொடியைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. பந்தலில் பல்பு கட்டுகிறவர்கள் ஏணியிலேயே நின்றார்கள், என்ன என்று தெரியாமலே. மூடுபனிக்குள் ஒரு கூரையிலிருந்து ஒரு பெட்டி "நான் இருக்கிறேன்" என்கிறது. மலை மேல் இன்னொன்று அதைக் கேட்டு, அதன் பெயரைத் திருப்பிச் சொல்கிறது. கண்ணால் யாரும் பார்க்க முடியாது. ஆனால் நடக்கிறது.

"ஏதோ ஓடுகிறது," என்றாள் ஜோன். "லோடிங். இப்போது ஃபுல் என்று இருக்கிறது. ஃபுல் என்றால் நல்லதா, கெட்டதா?"

நான் பதில் சொல்வதற்குள் பிரெண்டாவின் அறையில் டாக்டரின் குரல் கேட்டது. "படம் வந்துவிட்டது. ஜோன், நான் பார்க்கிறேன். ஊசியை எடு." பிரெண்டா எனக்கான கைபேசியை அணைத்துவிட்டாள். இனி அங்கே எனக்கு வேலையில்லை.

 ஏணியடியில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஹஃப்ஸா வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது, நான் பேசியது முழுக்க ஆங்கிலம்தானே. லாத்தாவுக்குத்தான் புரிந்திருக்காது. ஹஃப்ஸா உள்ளே போய், தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்த தன் மாமியான லாத்தாவிடம் ஓட்டைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். "மாமி, அந்த ஆள் ஊசி போட்டாச்சு. பயப்படாதீங்க."

5

பனி விலகியதும் வால்டரை நகரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. எல்லா ஸ்விட்ச்சிலும் இரண்டு சொற்களையும் அழித்துவிட்டுக் கேபிள், ரேடியோ என்று எழுதச் சொல்லிவிட்டேன். பிரெண்டாவுக்குத்தான் வருத்தம்.

கல்யாணத்துக்கு மறுநாள் மாலை, விருந்தாளிகள் போய், வீடு ஓய்ந்திருந்தது. பிரெண்டா வீடியோவில் கூப்பிட்டு, கைபேசியை ஒரு கட்டிலுக்கு நேரே திருப்பினாள். வால்டர். முகம் வெளுத்திருந்தாலும் கண் தெளிவாக இருந்தது. ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். 

லாத்தா அந்நிய ஆணின் முன்னால் வர மாட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். "தம்பி, நான் சொல்றத அவருகிட்ட சொல்லு," என்றாள்.

"என்னா சொல்லணும்?"

"இந்த வருசம் கடலுக்குப் போகக்கூடாதுன்னு சொல்லு. ஒடம்பு நல்லாயிட்ட மாதிரிதான் இருக்கும். படகப் பாத்துட்டு வந்துர்றேன்னு கெளம்பத் தோணும். போகக்கூடாது."

ஆங்கிலத்தில் சொன்னேன். யார் சொல்வது என்று வால்டர் கேட்டார். என் அக்கா, மீனவரின் மனைவியாக இருந்தவள் என்றேன்.  அவர் மெதுவாகக் கேட்டார்.

"அவளுடைய ஆள் போனாரா?"

அதை எப்படித் தமிழில் சொல்வதென்று தெரியாமல் தயங்கினேன். கதவுக்குப் பின்னாலிருந்து லாத்தா, "என்னா கேக்குறாரு?" என்றாள். சொன்னேன்.

"ஆஸ்பத்திரில இருந்து வந்த நாலாம் நாளு போனாரு," என்றாள். "வலைய மட்டும் பாத்துட்டு வாரேன்னுதான் சொன்னாரு. சொல்லு."

சொன்னேன். வால்டர் தலையணையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கைபேசிக்கு அப்பால் இருந்த யாரையோ, அவர் மனைவியாகத்தான் இருக்கும், பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"படகை இன்றைக்கே கரையில் ஏற்றிவிடச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லு, பாய்."